பழைய சுபாரு வேகனைக் காட்டுப்பாதைக்குத் தயார் செய்வது: எதை வாங்குவது, எதில் முதலில் கை வைப்பது

சியாட்டில் பக்கம் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். கையில் 6,000 டாலர் இருக்கிறது. பழைய சுபாரு அவுட்பேக் வேகன் ஒன்றை வாங்கி, இரண்டு அங்குலம் தூக்கி, பெரிய டயர் மாட்டி, காஸ்கேட் மலைகளில் உள்ள வனத்துறைச் சாலைகளிலும், கோடையில் கிழக்கு ஓரிகன் பக்கமும் சுற்ற வேண்டும் என்று ஆசை. எந்த வருடத்து வண்டி, எதைப் பார்த்து வாங்குவது, எந்த லிஃப்ட் கிட் நல்லது? இதுதான் கேள்வி.

லிஃப்ட் கிட்டைக் கடைசியில் பேசலாம் தம்பி. முதலில் காசு. 6,000 இருந்தால் வண்டிக்கு 3,500, ரொம்பப் பிடித்துவிட்டது என்றால் 4,000, அதற்கு மேல் ஒரு டாலர் கூடாது. மிச்சப் பணம் வண்டி வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கூலன்ட், பெல்ட், டயர் என்று போய்விடும், போகத்தான் வேண்டும். இந்த வேகன்கள் காட்டில் நடுவழியில் நிற்பதற்குப் பெரும்பாலும் உயரம் காரணமே இல்லை. இன்ஜின் சூடேறி நிற்கும், டயர் கிழிந்து நிற்கும். அந்த இரண்டையும் சரி செய்துவிட்டாலே, ஒரு அங்குலம்கூடத் தூக்காத அவுட்பேக் நீங்கள் சொன்ன பாதைகளில் முக்கால்வாசிக்குப் போய்த் திரும்பும்.

இந்த வேலைக்கு சுபாரு வேகன் ஏன் பொருந்துகிறது என்பதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1970 வாக்கில் ஜப்பானின் வடகிழக்கில் தோஹோகு மின்சார நிறுவனத்துக்காரர்களுக்குப் பனியில் மின்கம்பிகளைப் பார்க்கப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. ஜீப் இருந்தது, ஆனால் குளிரில் அதில் நாள் முழுக்க உட்கார்ந்து போவது கஷ்டம். சாதாரண வேகனுக்கே நான்கு சக்கர ஓட்டம் கொடுத்துப் பார்த்தார்கள், அது 1972ல் லியோன் எஸ்டேட் வேன் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. உங்கள் பக்கத்தில் இன்றும் கண்ணில் படும் ஜி.எல்., லோயல் வேகன்கள் அந்தப் பரம்பரைதான். அவற்றில் மேனுவல் கியர் உள்ள பலவற்றில் லோ ரேஞ்ச், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் கியர் வரிசை, தனியாக உண்டு. அதற்குப் பிறகு அமெரிக்காவுக்கு வந்த லெகஸி, அவுட்பேக் எதிலும் அது கிடையாது. லோ ரேஞ்ச் இருந்தால் கல்லும் மேடுமான இடத்தில் கிளட்சை வதைக்காமல் ஊர்ந்து போகலாம். டொயோட்டா டெர்சல் வேகனில்கூட நான்கு சக்கர ஓட்டத்தில் மட்டும் விழும் ஒரு தனி கியர் இருந்தது, 1980களின் வண்டிகளுக்கே உரிய வசதி அது.

ஆனால் உங்கள் முதல் வண்டியாக ஜி.எல். வேண்டாம் என்பேன். லோயல் 1994ல் நின்றுபோனது. பாகம் கிடைப்பது வருடா வருடம் குறைகிறது. இன்ஜின் சுமார் 90 குதிரைத்திறன், பலவற்றில் அதற்கும் கீழே. நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது லாரிகளோடு வலது ஓரத்தில்தான் போக வேண்டும். சக்கரத்தில் நான்கு போல்ட், அவை 140 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், இன்று அந்த அளவில் சக்கரம் கிடைப்பது அரிது. அதனால் பழைய ஆட்கள் ஜப்பானிய பிக்அப்களின் ஆறு போல்ட் சக்கரத்தை எடுத்து, எதிரெதிராகச் சரியாக உட்காரும் இரண்டு ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டு மற்ற இரண்டைப் புதிதாகத் துளைப்பார்கள். அந்த வண்டியின் நான்கு சக்கர ஓட்டத்தில், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியலும் கிடையாது, காய்ந்த தார்ச்சாலையில் போட்டு ஓட்டினால் உள்ளே எல்லாம் இறுகிக்கொள்ளும். இதெல்லாம் பிடித்துச் செய்பவர்களுக்கு அருமையான வண்டி. வேலைக்கும் ஓட்டி, வார இறுதியில் மலைக்கும் போக வேண்டிய ஆளுக்கு லெகஸியோ அவுட்பேக்கோதான்.

அதிலும் என் மனதுக்கு முதலில் வருவது 1995 முதல் 1999 வரை வந்த லெகஸி வேகனில் 2.2 லிட்டர் இன்ஜின் போட்டது. பேரில் அவுட்பேக் என்று இருக்காது, கொஞ்சம் தாழ்வாக இருக்கும், அதனால் விலையும் குறைவு. ஆனால் அந்த 2.2 சுபாரு செய்ததிலேயே நீண்ட ஆயுள் கொண்ட இன்ஜின்களில் ஒன்று, இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டில் பிரச்சினை அபூர்வம். 1996 வரைக்கும் வந்ததில், வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் பிசகாமல் ஓட்டும் டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது, புது பெல்ட் போட்டால் ஓடும். 1997லிருந்து மோதும். உயரம் வேண்டுமென்றால் அவுட்பேக்கின் ஸ்ட்ரட்டும் (சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் தூண்) ஸ்பிரிங்கும் அதில் ஏறும்.

1996 முதல் 1999 வரையான அவுட்பேக்கில் பெரும்பாலும் 2.5 லிட்டர், நான்கு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) இன்ஜின். இதன் ஹெட் கேஸ்கெட் உள்ளுக்குள் போகும், அதாவது எரியும் வாயு கூலன்டுக்குள் புகுந்துவிடும். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. நீண்ட மேட்டில் திடீரென்று சூட்டைக் காட்டும் முள் ஏறும், கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். பழைய ஓனர் தெர்மோஸ்டாட் மாற்றியிருப்பார், ரேடியேட்டர் மாற்றியிருப்பார், இரண்டுக்கும் பில் காட்டி நல்லா பராமரித்த வண்டி என்பார். அந்த பில்களைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படக் கூடாது, உஷாராக வேண்டும். 2000 முதல் 2004 வரை வந்த 2.5ல் இரண்டே கேம்ஷாஃப்ட், இதில் கேஸ்கெட் வெளிப்பக்கமாகக் கசியும். கூலன்டும் ஆயிலும் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கீழ்ப்பக்கம் ஈரமாகப் படியும். இது மெதுவான நோய், டார்ச் அடித்தால் கண்ணில் தெரியும், விலையைக் குறைத்துப் பேசவும் வழி இருக்கிறது. 2001லிருந்து 3.0 லிட்டர் ஆறு சிலிண்டர் அவுட்பேக்கும் உண்டு. அதில் பெல்ட்டுக்குப் பதில் செயின், கேஸ்கெட் தொல்லையும் அந்த அளவுக்குக் கிடையாது, ஆனால் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

வண்டி பார்க்கப் போகும்போது இன்ஜின் குளிர்ந்து இருக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். போய் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ரேடியேட்டரில் மிஞ்சும் கூலன்ட் வந்து சேரும் ஓவர்ஃப்ளோ பாட்டிலைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவுங்கள். சுவரில் கருப்பாகப் பிசுக்கு ஒட்டினாலோ, புகை நாற்றம் அடித்தாலோ அந்த வண்டியை விட்டுவிடலாம். ஸ்டார்ட் ஆனதும் டக் டக் என்று ஒரு சத்தம் வந்து, சூடேறியதும் மறைந்தால் அது பிஸ்டன் சத்தம். அந்தக் காலத்து 2.5ல் சகஜம், அதற்காக விட வேண்டாம். பிறகு விற்பவரோடு ஐ-90ல் ஏறி ஸ்னோக்வால்மி கணவாய் பக்கம் மேடு ஏறிப் போங்கள், கடைத்தெருவைச் சுற்றி வரும் டெஸ்ட் டிரைவால் பிரயோஜனம் இல்லை. திரும்பி வந்து இன்ஜினை ஓடவிட்டு மறுபடியும் பாட்டிலைப் பாருங்கள். சரியான வண்டியில் தண்ணீர் அமைதியாக இருக்கும். கேஸ்கெட் போனதில் சின்னக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் மேலே வந்துகொண்டே இருக்கும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

அடுத்தது நான்கு சக்கர ஓட்டம். காலி பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். யாரோ பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுவது போல வண்டி உதறினால் பின்பக்கத்துக்குச் சக்தி அனுப்பும் இடம் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். உடனே கியர்பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம், முதலில் டயரைப் பாருங்கள். நான்கு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது சுபாருவின் கணக்கு. இரண்டு புதுசு, இரண்டு பழசு என்று ஓட்டியே பல வண்டிகள் இந்த நிலைக்கு வந்திருக்கின்றன. நான்கு சிலிண்டர் ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் இன்ஜின் அறையில் எஃப்.டபிள்யூ.டி. என்று எழுதிய காலி ஃப்யூஸ் இடம் இருக்கும். அதில் ஒரு ஃப்யூஸைச் சொருகினால் பின் சக்கர ஓட்டம் துண்டிக்கப்பட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓடும். சொருகியும் உதறல் போகவில்லை என்றால் உள்ளே உள்ள சொலினாய்டோ கிளட்சோ போய்விட்டது, செலவு பெரியது.

துருவைப் பொறுத்தவரை வாஷிங்டன், ஓரிகன் வண்டிகளுக்கு அதிர்ஷ்டம், கிழக்குக் கடற்கரை அளவுக்கு சாலையில் உப்பு கொட்டுவதில்லை. ஆனால் வண்டி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், ஓஹாயோவிலோ நியூயார்க்கிலோ பத்து வருடம் ஓடி வந்ததாக இருந்தால் வேண்டாம். பின் சக்கர வளைவுக்கு மேலே, ஸ்ட்ரட் வந்து உட்காரும் இடம், அடியில் சக்கரங்களின் கைகளைத் தாங்கும் சப்ஃபிரேம், இந்த மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பெட்ரோல் ஊற்றும் குழாய் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், அங்கே மண்ணும் ஈரமும் தேங்கிக் குழாய் ஓட்டையாகிவிடும். டேங்க் நிரப்பியதும் பெட்ரோல் வாடை வந்தால் அதுதான். பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த இடம் காந்தம் ஒட்டாமல் காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு வாடையும் உண்டு. முன் வலது பக்க உள் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் மூட்டின் கிரீஸை மூடும் ரப்பர் உறை), எக்ஸாஸ்டின் சூட்டுக்கு நேர் மேலே இருப்பதால் வெடித்து, கிரீஸ் எக்ஸாஸ்டில் விழுந்து கருகும். அது சின்ன வேலைதான், விலை பேச உதவும்.

காகிதம் எளிது, ஆனால் கவனம் வேண்டும். வாஷிங்டனில் பாதுகாப்புச் சோதனை எதுவும் கிடையாது, புகைச் சோதனையும் 2020 தொடக்கத்தோடு போய்விட்டது. அதனால் வண்டியை உங்களுக்காகச் சோதித்துச் சொல்ல அரசாங்கத்தில் யாரும் இல்லை. சுபாரு மட்டும் பார்க்கும் தனி மெக்கானிக் ஒருவரிடம் வாங்கும் முன் காட்டிவிடுங்கள், அந்தக் கூலி வீண் போகாது. டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், விற்பவர் பேரிலேயே இருக்கிறதா, பெரிய சேதத்தால் கழித்துக்கட்டிய வண்டி என்ற சால்வேஜ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நண்பரின் வண்டி, அவர் ஊரில் இல்லை என்று சொன்னால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். வாங்கியபின் 15 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும், தாண்டினால் அபராதம்.

சரி, வண்டி வந்துவிட்டது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.5 இன்ஜினுக்கு 1,05,000 மைல் என்று கணக்கு, ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. இதில் அறுந்தால் வால்வு வளையும், இன்ஜின் போனது போலத்தான். பெல்ட் மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர், ஐட்லர் புல்லிகள், வாட்டர் பம்ப் சேர்ந்த கிட் கிடைக்கும், ஐசின் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கிட் எடுத்தால் கவலை இல்லை. பெல்ட் அறுவதைவிட அந்தப் பல் வைத்த ஐட்லரின் பேரிங் இறுகி பெல்ட்டைத் தள்ளிவிடுவது அதிகம். அவ்வளவு தூரம் பிரித்தபின் கிராங்க் சீல், கேம் சீல்களையும் மாற்றுங்கள், ஆயில் பம்பையும் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். அதன் பின்தட்டில் உள்ள சின்ன ஸ்குரூக்கள் வருடக்கணக்கில் அதிர்ந்து தளர்ந்திருக்கும், சில சமயம் விரலால் சுழற்றினாலே கழன்று வரும். சுத்தம் செய்து, திரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு இறுக்கிப் போட்டால் ஆயில் கசிவு நிற்கும், ஆயில் பிரஷரும் குறையாமல் இருக்கும். ஒரு சனிக்கிழமை பொறுமையாக உட்கார்ந்தால் நீங்களே செய்யக்கூடிய வேலைதான் இது. கிராங்க் புல்லி போல்ட்டைக் கழற்றுவது ஒன்றுதான் முரண்டு பிடிக்கும்.

ஹெட் கேஸ்கெட் கசிகிற வண்டியைத் தெரிந்தே மலிவாக வாங்கினால், வெளியே கொடுத்துச் செய்ய 2,000 டாலருக்கு மேல் ஆகும் என்று கணக்கு வையுங்கள். ஹெட்டை மெஷின் ஷாப்பில் கொடுத்து மட்டம் பிடித்து, பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கெட் போட வேண்டும். மட்டம் பிடிக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன் என்று குறைந்த விலை சொல்பவரிடம் போகாதீர்கள்.

கேஸ்கெட் நன்றாக இருந்தாலும் ரேடியேட்டரைப் பாருங்கள். மேல் டேங்க் பிளாஸ்டிக், வயதானால் பழுப்பாகி விரியும். ரேடியேட்டர், மூடி, ஹோஸ்கள் எல்லாம் புதுசு, தெர்மோஸ்டாட் மட்டும் கட்டாயம் சுபாருவின் அசல். வெளிக்கடைகளில் கிடைப்பது பல உள்ளே சின்னதாக இருக்கும், சூட்டுக்கு மெதுவாகத் திறக்கும். கூலன்ட் ஊற்றும்போது ரேடியேட்டரின் மேல் மூலையில் உள்ள காற்று ஸ்குரூவைத் திறந்து வைத்து மெதுவாக ஊற்றுங்கள். உள்ளே காற்று தங்கினால் புது ரேடியேட்டரும் சூடேறும். பிறகு எல்லா ஆயிலும். ஆட்டோமேட்டிக்கில் முன் டிஃபரன்ஷியலுக்குத் தனி ஆயில், தனி டிப்ஸ்டிக் இருக்கிறது. அவசர ஆயில் கடைகளில் தெரியாமல் தப்பான போல்ட்டைக் கழற்றிவிடுவார்கள், அதனால் இதை நீங்களே செய்யுங்கள். பின் டிஃபரன்ஷியல், பிரேக் ஆயில், பிரேக் பேட், பால் ஜாயின்ட், பின் வீல் பேரிங் ஹூம் என்று பாடுகிறதா, இதெல்லாம் வழக்கமானவை.

இப்போதுதான் டயர். 2000–2004 அவுட்பேக்கில் வருவது 225/60R16. அதற்குப் பதில் 215/65R16 ஆல்-டெரெய்ன் போட்டால் எதையும் தொடாமல் உட்காரும், பக்கச் சுவர் கொஞ்சம் உயரமாகும். 215/70R16 போனால் வண்டி ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் உயரும், ஆனால் முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் உட்காரும் தட்டுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஐந்து டயராக வாங்குங்கள். ஸ்டெப்னி வேறு அளவாக இருந்தால், முன்னே சொன்ன அந்த உதறல் பிரச்சினையை நீங்களே வரவழைத்தது போல ஆகும். காற்றளவு பார்க்கும் கருவியும் ஒரு சின்ன கம்ப்ரஸரும் டிக்கியில் எப்போதும் இருக்கட்டும். சரளைப் பாதையில் 22, 24 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கினால் டயர் கல்லை அணைத்துக்கொண்டு போகும், குலுக்கலும் பாதியாகும். தார்ச்சாலைக்கு வந்ததும் ஏற்றிவிட வேண்டும்.

அதற்கடுத்து அடித்தட்டு. தொழிற்சாலை கொடுப்பது மெல்லிய தகடோ பிளாஸ்டிக்கோதான். போர்ட்லண்டில் உள்ள பிரிமிட்டிவ் ரேஸிங் இந்த வண்டிகளுக்கென்றே அலுமினியத் தட்டு செய்கிறார்கள், அது போல ஒன்று. ஆயில் பேனில் ஒரு கல் அடித்தால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. பின்னால் இழுக்க ஹிட்ச் ரிசீவர், அதாவது டிரெய்லர் மாட்டும் இரும்புச் சட்டம், ஒன்று மாட்டுங்கள். பம்பருக்குக் கீழே இருக்கும் கொக்கிகள் வண்டியை லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு உள்ளவை, சேற்றில் மாட்டிய வண்டியை அதில் கயிறு கட்டி வெட்டி இழுத்தால் பிய்ந்து வரும். இழுவைப் பந்தில் கயிறு மாட்டுவது அதைவிட ஆபத்து. அது உடைந்து பறந்தால் உயிரை எடுக்கும்.

லிஃப்ட். அவுட்பேக்குக்கே 7.3 அங்குலம் தரை இடைவெளி இருக்கிறது. இன்னும் வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் போதும். ஸ்ட்ரட்டின் தலைக்கும் பாடிக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசர் கிட் எளிது, ஸ்பிரிங்கை அமுக்கிக் கழற்ற வேண்டியதில்லை. ஆனால் இருபது வயது ஸ்ட்ரட் செத்திருக்கும், அதன் மேல் ஸ்பேசர் வைப்பதில் அர்த்தமில்லை. ஜப்பானின் கேஒய்பி நிறுவனத்து ஸ்ட்ரட் புதுசாக எடுத்து, டிக்கியில் பாரம் ஏற்றுபவர் என்றால் ஆஸ்திரேலியாவின் கிங் ஸ்பிரிங்ஸும் சேர்த்து ஒரே தடவையில் முடித்துவிடலாம். இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் வேறு கதை. ஆக்ஸில் சாய்வு அதிகமாகி பூட் சீக்கிரம் கிழியும், பின் சக்கரம் வளைவுக்குள் முன்னால் நகர்ந்து உரசும், சப்ஃபிரேமை இறக்க வேண்டும், ஸ்டீயரிங் தண்டை நீட்ட வேண்டும். அவ்வளவு செலவு செய்து கிடைப்பது, லோ ரேஞ்ச் இல்லாத உயரமான வேகன். எவ்வளவு தூக்கினாலும் வேலை முடிந்ததும் சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்யும் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் அந்தப் புது டயர்களை ஒரே கோடையில் தின்றுவிடும்.

ஓட்டும்போது ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் பூட்டு கிடையாது. குழியில் ஒரு முன் சக்கரமும் அதற்குக் குறுக்கே உள்ள பின் சக்கரமும் சேர்ந்து தூக்கிக்கொண்டால் அந்த இரண்டும் சும்மா சுற்றும், வண்டி நகராது. அதனால் குழியில் மூலைவாட்டமாக இறங்காமல், சக்கரங்கள் தரையில் இருக்கும்படி தடத்தைப் பார்த்து, சந்தேகமாக இருந்தால் இறங்கி நடந்து பார்த்துவிட்டுப் போங்கள். மேனுவலில் கிளட்சைப் பிடித்து ஊர்வது கூடாது, ஆட்டோமேட்டிக் இந்த விஷயத்தில் சுலபம்.

போகும் இடத்துக்கு வனத்துறையே வாகனப் பாதை வரைபடங்களை இலவசமாகக் கொடுக்கிறது, எந்தச் சாலை எந்த மாதத்தில் எந்த வண்டிக்குத் திறந்திருக்கும் என்று அதில் இருக்கும், போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னல் வராது. முதலில் தெற்கு வாஷிங்டனில் உள்ள கிஃபர்ட் பின்ஷோ காட்டின் சரளைச் சாலைகளில் ஓட்டிப் பழகுங்கள். வாஷிங்டனின் நாச்சஸ் பக்கம் ஜீப் பாதை என்று குறித்திருப்பவற்றில் இந்த வண்டியோடு நுழைய வேண்டாம். பனி உருகி வழி திறந்தபின் ஓரிகனில் ஸ்டீன்ஸ் மலைச் சாலைக்குப் போகலாம், மேலே விளிம்பிலிருந்து கீழே அல்வோர்ட் பாலைவனம் வெள்ளையாகத் தெரியும். அது வறண்டுபோன ஓர் ஏரிப் படுகை. அதில் வண்டி ஓட்டலாம், காய்ந்திருந்தால் மட்டும். மேல் ஓடு காய்ந்து உள்ளே ஈரம் இருந்தால் அச்சு வரை இறங்கிவிடும், அங்கிருந்து இழுவை வண்டி வருவதற்கு ஆகும் செலவில் இன்னொரு லெகஸியே வாங்கிவிடலாம். விளிம்பில் நிறுத்தி, கொஞ்ச தூரம் நடந்து, குதிகாலால் அழுத்திப் பாருங்கள். தடம் ஆழமாக விழுந்தால் திருப்பிக்கொள்ளுங்கள்.